நேர்ப்பிடி

சுண்டு மூன்று பிடிகளையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். மூன்றுமே சரியில்லை என்றாள். வழுக்குகிறது, நீ மெழுகை அள்ளித் தேய்த்திருக்கிறாய் என்று பழியை என்மேல் போட்டாள். நான் எதிலும் மெழுகு தேய்க்கவில்லை. அவை வில்லின் பிடிக்கான மாதிரிக் கட்டைகள். உப்புத்தாள்கூடப் போடாத மரம். வழுக்குவதற்கு அதில் ஒன்றும் கிடையாது.

அவளுக்கும் அது தெரியும். வலது கையில் வாங்கிப் பார்த்தாள். மறுபடி இடது கைக்கு மாற்றினாள். விரல்களுக்கு இடையில் கட்டை நழுவி மேஜைமேல் விழுந்தது. எடுத்து, துடைத்து, ஒழுங்காக அடுக்கி வைத்தாள்.

சுண்டு என் தங்கை. பிறக்கும்போது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள் என்று அப்பா கேலியாகக் கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகும் பெரிதாக ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. ஆனால் வில்லோடு வந்து கோட்டில் நின்றாள் என்றால் பக்கத்தில் இருக்கும் ஆம்பிளைகள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். பெண்களுக்கு முடி திருத்தும் கடையில் வேலை. வாரம் முழுக்க அடுத்தவர் தலை, ஞாயிற்றுக்கிழமை வில். இரண்டுக்கும் ஒரே கண்தான் வேண்டும், கோணல் எங்கே என்று தெரிந்தால் போதும் என்பாள்.

நான் வில் செய்கிறவன். அதற்குமுன் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. படிப்பைப் போலவே அதையும் பாதியில் விட்டேன். டயர் கடைக்குப் பின்பக்கம் ஒடுங்கலாக ஒரு நீள அறை கிடைத்தது. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, மரத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், சுவரோரம் காய்கிற மரங்கள். முன்னால் சக்கரம் கழற்றும் சத்தம், உள்ளே ரப்பர் நாற்றம். நான் செய்வது பழைய முறை நெடுவில். ஆள் உயரம் இருக்கும். மரம், பசை, நாண், அவ்வளவுதான். குறிபார்க்கும் கருவி, சக்கரம், கம்பி எதுவும் வைப்பதில்லை.

இந்த வில்லில் உடம்பு படுவது இரண்டே இடத்தில். நாணில் விரல், பிடியில் உள்ளங்கை. நாணைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. வம்பெல்லாம் பிடியில்தான். நேர்ப்பிடி என்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு. கையை எங்கே வைப்பது என்று அது சொல்லாது. ஒவ்வொரு தடவையும் கைதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அம்பு எய்யும் களத்தில் அதை விளக்குமாத்துக் கட்டை என்பார்கள். குழிப்பிடியில் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். உள்ளங்கை தானாகப் போய் அதில் உட்கார்ந்துகொள்ளும், தப்பாக வைக்க நினைத்தாலும் வைக்க முடியாது. மூன்றாவது மேட்டுப்பிடி. துப்பாக்கியைப் பிடிப்பதுபோல மணிக்கட்டு உயர்ந்து நிற்கும். அதற்கு மணிக்கட்டில் பலம் வேண்டும்.

பார்க்கிறவர்கள் நினைப்பதுபோல வில்லை யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை. இறுக்கினால் அம்பு கோணிக்கொண்டு போகும். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சதைமேடு இருக்கிறதே, அதில் வில்லைச் சாய்த்துத் தள்ள வேண்டும். விரல்கள் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். அந்தச் சதைமேடுதான் சுண்டுவின் இடது கையில் கரைந்துகொண்டிருந்தது.

முதலில் சீப்பு விழுந்தது. பிறகு விரலிடுக்கில் எடுத்த முடி நழுவியது. புது ஷாம்பு சரியில்லை என்று கடைக்காரியோடு சண்டை போட்டாள். அதன்பிறகு வீட்டில் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் கண்ணாடிமுன் வெகுநேரம் நின்றிருக்கிறாள். அவள் கணவர் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வந்து போட்டுவிட்டிருக்கிறார். நரம்பு மருத்துவர் ஊசி குத்தி, திரையில் கோடுகளைக் காட்டி, சதைக்குக் கட்டளை போகவில்லை என்றார். கட்டளை போகாத சதை வற்றிவிடுமாம். திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லையாம். கை, புஜம், அடுத்த கை, கால், கடைசியில் மூச்சு. வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம் என்றார். சுண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கிளம்பும்போது அவரிடம், உங்கள் இடது கிருதா வலதைவிட இறக்கமாக இருக்கிறது, ஆளை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இதற்கெல்லாம் முன்பே அவள் என்னிடம் ஒரு வில் கேட்டிருந்தாள். ஊருக்கெல்லாம் செய்கிறாய், எனக்கு மட்டும் திருகிப்போனது, வெடிப்பு விட்டதுதானா என்றாள். நல்ல மரமாகப் பார்த்து அன்றே எடுத்து வைத்தேன். கை அச்சும் அன்றே எடுத்தேன். வில் கேட்டு வருகிற யாரிடமும் நான் முதலில் செய்வது அதுதான். ஒரு கட்டையில் களிமண்ணை அப்பி, வில்லைத் தள்ளுகிற மாதிரி தள்ளச் சொல்வேன். களிமண் காய்ந்ததும் ஒட்டுத்தாளில் ஆள் பெயரை எழுதி அலமாரியில் வைப்பேன். மரம் காயத்தான் நாளாகும். இந்த மரம் காய்ந்து முடிப்பதற்குள் அவள் கை காயத் தொடங்கிவிட்டது.

மாதிரிக் கட்டைகளைப் பிடித்துப் பார்த்த அன்று புதிதாக ஓர் அச்சு எடுத்தேன். பழையதையும் இறக்கி இரண்டையும் ஜன்னலோரம் வைத்தேன். பழையதில் கட்டைவிரலுக்குக் கீழே ஆழமாக ஒரு பள்ளம், உருண்டையாக, வழவழவென்று. புதியதில் அந்த இடம் தட்டையாக இருந்தது. நடுவில் எலும்பு அழுந்திய ஒரு கோடு. இரண்டும் ஒரே ஆளுடைய கை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சுண்டு குனிந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் கல்யாணப் புகைப்படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சரி, இதுல எது பிடிச்சிருக்கு?" என்றேன்.

"எல்லாமே பிடிச்சிருக்கு அண்ணா. பிடிக்கத்தான் முடியல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் பல் கொட்டிவிடுமா என்று கேட்டாள்.

பிறகு நேர்ப்பிடிக் கட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினாள். இது போதும் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் இருக்கிற நிலைமைக்கு மூன்றில் ஆகவே ஆகாதது அதுதான். பலம் குறைந்த கைக்கு ஆழமான, தாழ்வான குழிப்பிடிதான் சரி. பாரம் முழுவதும் உள்ளங்கையின் அடியில் இறங்கும், விரல்களுக்கு வேலையே இருக்காது, கை நழுவ நினைத்தாலும் பள்ளம் விடாது. நேர்ப்பிடியில் அவள் கை ஒவ்வொரு அம்புக்கும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். நாணைக்கூட மெல்லியதாகத் திரித்துத் தருகிறேன், வில்லின் உட்பக்க வயிற்றைச் சுரண்டிச் சின்னப்பிள்ளை இழுக்கிற அளவுக்கு இளக்கித் தருகிறேன், பிடியை மட்டும் என்னிடம் விட்டுவிடு என்றேன். அவள் ஜன்னல் வழியாக டயர் கடைப் பையன்கள் சிகரெட் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் எனக்கு விளக்குமாத்துக் கட்டை என்றாள். காரணம் கேட்டேன். சொல்லவில்லை.

நான் குழிப்பிடிதான் செய்தேன்.

வில் ஏற்கெனவே வளைந்து பழகித் தயாராக இருந்தது. பிடிக்கு மட்டும் கறுப்பாக, கனமாக ஒரு துண்டு மரத்தை ஒட்டியிருந்தேன். அதில்தான் குடைய வேண்டும். அரைவட்ட அரம், பிறகு எலிவால் அரம், பிறகு கத்தி. இரண்டு அச்சும் கண்முன்னால் இருந்தன. நான் பழையதைப் பார்த்துத்தான் குடைந்தேன். தெரியாமல் செய்யவில்லை. இன்றைய கைக்குச் செய்தால் அடுத்த மாதக் கைக்குப் பொருந்தாது, அடுத்த மாதக் கை எப்படி இருக்கும் என்று எவனுக்குத் தெரியும், அதற்கு நன்றாக இருந்த கையே மேல் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். வேலை செய்கிறவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள இப்படி ஏதாவது அகப்படும். உண்மையில் அந்தப் பள்ளத்தைச் செய்யச் செய்ய எனக்கு நன்றாக இருந்தது. கட்டைவிரல் மேடு உட்காரும் இடம், ஆள்காட்டி விரல் சாயும் இடம், உள்ளங்கையின் கோடு போகும் சரிவு எல்லாம் கறுப்பு மரத்தில் ஒவ்வொன்றாக வந்தன. தொட்டால் அவள் கையைப் பிடித்த மாதிரியே இருந்தது. சாப்பிடப் போகாமல் அதையே தேய்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் உண்டு.

அந்த வாரத்தில் மாப்பிள்ளை வந்தார். சுண்டுவின் கணவர். நகரப் பேருந்து ஓட்டுநர், ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் நடுவில் சீருடையோடு வந்திருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய கைகள். இத்தனை வருஷம் சுண்டுவோடு களத்துக்கு வருவார், அம்பு பொறுக்குவார், தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். வில்லைத் தொட்டதில்லை. அவருக்கு உட்காரச் சின்ன முக்காலியைத்தான் தர முடிந்தது. அது அவருக்குப் பயந்து முனகியது.

கொஞ்சநேரம் டீசல் விலை, ரோட்டுப் பள்ளம் என்று பேசினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சீக்கிரம் முடிச்சிடுங்க மச்சான். போன வாரம் வரைக்கும் பற்பசைய அவளே பிதுக்கினா. இப்ப நான் பிதுக்கி வச்சிட்டுத்தான் வண்டிக்குப் போறேன்."

நான் வைஸிலிருந்து வில்லைக் கழற்றிக் காட்டினேன். வாங்கிப் பிடியில் கையை வைத்தார். பள்ளத்துக்குள் அவருடைய உள்ளங்கையில் பாதிகூட இறங்கவில்லை. பொம்மைச் செருப்பில் காலை விட்டது போலத் தவித்துவிட்டுக் கையை எடுத்தார். பிறகு கட்டைவிரல் நுனியை மட்டும் அந்தப் பள்ளத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தடவினார். நின்றார். மறுபடி தடவினார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, அவ கை மாதிரியே இருக்கே மச்சான் என்றார். அடுத்த பயணத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப்போனார். அவர் பிடித்த விதத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சரியாகச் செய்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

சுண்டு வந்தபோது பையை வலது தோளில் மாட்டியிருந்தாள். இடது கையைச் சட்டைப் பைக்குள் செருகியிருந்தாள். புஜம்கூட இளைத்திருந்தது தெரிந்தது. வில்லைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நீளத்தைத் தடவினாள், நுனியை மோந்து பார்த்தாள், கோணல் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும், பரவாயில்லை, குளிர்பதனக் கிடங்குக்குத்தான் நஷ்டம் என்றாள். பிறகு வலது கையால் வில்லை நிறுத்தி, இடது கையை எடுத்துப் பிடியில் வைத்தாள்.

வைத்த கையைப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பள்ளத்துக்குள் அவள் கை, அக்கா சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி தொளதொளவென்று கிடந்தது. சுற்றிலும் இடைவெளி. விரல் எந்த இடத்திலும் சாயவில்லை.

"இது யார் கை?" என்றாள்.

"உன் கைதான்."

"பொய் சொல்லாத. இதுல சதை இருக்கு."

நான் என் கணக்கைச் சொல்லத் தொடங்கினேன். அடுத்த மாதக் கை, பொருத்தம், பாரம் இறங்கும் இடம். அவள் முடிக்கவிடவில்லை. கோபப்படவும் இல்லை. முக்காலியில் உட்கார்ந்து, வில்லை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள்.

"நான் போனதுக்கப்புறம் இத என்ன பண்ணுவ? அந்தச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டுவ. டீ குடிக்கும்போது கழட்டுவ. இந்தக் குழிக்குள்ள விரல விட்டுத் தடவிக்கிட்டு உக்காந்திருப்ப. அவரும் வருவாரு. வந்துட்டுப் போனதச் சொன்னாரு. சொல்லும்போதே மூக்க உறிஞ்சறாரு. ரெண்டு தடி ஆம்பளைங்க ஒரு கட்டையத் தடவிக்கிட்டு. நல்லாவா இருக்கு?"

அவள் சொன்ன சுவரில் ஆணி அடிக்க நல்ல இடம் எது என்று ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை.

"நேரா இருந்தா உன்னால எய்ய முடியாது சுண்டு."

"முடியற வரைக்கும் எய்யறேன். அப்புறம் அவர் எய்யட்டும். அவருக்கப்புறம் எவனாவது. விளக்குமாத்துக் கட்டைன்னா எந்தக் கையா இருந்தாலும் நிக்கும். இதுல நான் மட்டும்தான் நிக்க முடியும். இப்ப நானும் முடியாது." வில்லை என் பக்கம் நீட்டினாள். "நான் கேட்டது எய்யறதுக்கு அண்ணா."

வைஸில் மாட்டினேன். குழிப்பிடியை நேர்ப்பிடி ஆக்க வழி ஒன்றுதான். பள்ளத்தை நிரப்ப முடியாது. சுற்றியிருக்கும் மேடுகளை அந்தப் பள்ளத்தின் அடிமட்டம் வரை இறக்க வேண்டும். நான் ஆழமாகவே குடைந்திருந்தேன். அந்த மட்டத்துக்கு இறக்கினால் பிடி மெல்லியதாகிவிடும், அதற்குக் கீழே ஒரு இழை எடுத்தாலும் பிடியே வளைய ஆரம்பித்துவிடும் என்று சொன்னேன். எடு என்றாள்.

முரட்டு அரத்தைப் போட்டேன். கறுப்பு மரம் தூளாக விழுந்தது. நீளமான வில் அரம் இழுக்கிற இழுப்புக்கு ஆடியது. அவள் எழுந்துவந்து வலது கையால் கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொண்டாள். ஆள்காட்டி விரல் சாயும் இடம் முதலில் போனது. பிறகு உள்ளங்கைச் சரிவு. அவள் அரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் முடி வெட்டுவதைப் பார்க்கிற மாதிரி. இந்தப் பக்கம் அதிகமாகப் போகிறது, அந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு தேய் என்றாள். அவள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. பேச்சுவாக்கில் கடைக்காரி ஷாம்பு மாற்றிவிட்டதைச் சொன்னாள். முன்னதே பரவாயில்லையாம்.

கடைசியில் கட்டைவிரல் மேட்டுக்குச் செய்த பள்ளத்தின் அடி மட்டும், ஒரு நகத்தளவு, பளபளவென்று மிச்சம் இருந்தது. சுற்றிலும் அரம் கீறிய தடம். அதை விட்டுவிடலாம், பிடிக்கு ஒன்றும் ஆகாது என்று அரத்தைக் கீழே வைத்தேன்.

"அதையும்," என்றாள்.

உப்புத்தாளை மடித்துத் தேய்த்தேன். போய்விட்டது. அவள் அதன்மேல் விரலை ஓட்டி, மேடுபள்ளம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டாள். பிறகு ஜன்னலோரத்தைக் காட்டினாள். கை அச்சு இரண்டையும் எடுத்துத் தண்ணீர் வாளியில் போடச் சொன்னாள். புதியது உடனே குழைந்தது. பழையது நன்றாகக் காய்ந்துபோயிருந்ததால் கரைய நேரம் எடுத்தது. குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. அது அடங்கும்வரை அவள் போகவில்லை.

பிடிக்கு மெல்லிய தோல் ஒன்றை ஒரே சுற்றாகச் சுற்றிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை களத்துக்குப் போனோம்.

களம் என்றால் பழைய செங்கல் சூளைக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளி. தூரத்தில் குறிவைத்து எய்ய வைக்கோல் திட்டுகள். தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். சுண்டுவைப் பார்த்ததும் வணக்கம் சொல்லிவிட்டு, தங்கள் அம்புகளை எண்ணுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்கள். திட்டைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தட்டுமா என்று ஒருவர் கேட்டார். உங்களுக்குக் கண் தெரியவில்லை என்றால் நகர்த்திக்கொள்ளுங்கள் என்றாள்.

இடது கையை வலது கையால் எடுத்துப் பிடியில் வைத்தாள். கை தானாக நிற்கவில்லை. வலது கையை நாணுக்குக் கொண்டுபோவதற்குள் வில் திரும்பிக்கொண்டது. மறுபடி வைத்தாள். உள்ளங்கையின் அடி எலும்பில் வில்லைச் சாய்த்து, தோளால் தள்ளினாள். கையில் இல்லாத பலத்தைத் தோளிலிருந்து இறக்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். விட்டாள். நாண் முன்கையில் அறைந்தது. அம்பு திட்டின் கீழ் ஓரத்தில் போய்க் குத்தி ஆடியது.

மாப்பிள்ளை கைதட்டினார். அவள் முறைத்ததும் நிறுத்தினார்.

அடுத்தது இடப்பக்கம் போனது. அதற்கடுத்தது திட்டைத் தாண்டியது. ஒன்று மட்டும் நடுவில் ஏறியது. அவள் அடுத்த அம்பை எடுத்தாள். நான் சொன்னபடியே ஆகிக்கொண்டிருந்தது. பிடி அவள் கையை எந்த இடத்திலும் தாங்கவில்லை. ஒவ்வொரு அம்புக்கும் கை வேறோர் இடத்தில் நின்றது. குழிப்பிடியாக இருந்தால், அதையும் புதிய அச்சைப் பார்த்துக் குடைந்திருந்தால், இவ்வளவு கோணியிருக்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். முன்கை சிவந்து தடித்திருந்தது. முன்கைக்குத் தோல்காப்பு போட்டுக்கொள் என்றேன். கேட்கவில்லை. நிறுத்தவும் இல்லை. வில் தூக்கத் தூக்கத் தாழ்ந்துகொண்டே வந்தது. கடைசி அம்பு நாணை விட்டதே தவிர, பறக்கவில்லை. அவளுக்கு முன்னால் புல்லில் விழுந்து சறுக்கி நின்றது. குனிந்து எடுக்கலாம், அவ்வளவு கிட்டே. அவள் எடுக்கவில்லை. கொஞ்சநேரம் அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி வில்லை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள்.

அவர் மறுத்தார். எனக்கு ஸ்டியரிங்தான் பிடிக்கத் தெரியும் என்றார். அவள் விடவில்லை. கோட்டில் நிற்க வைத்து, காலை அகட்டச் சொல்லி, முட்டியைத் தன் முட்டியால் இடித்துச் சரிசெய்தாள். அவர் பிடியைப் பற்றியதில் விரல் முட்டிகள் வெளுத்துப்போயின.

"நெரிக்காதீங்க. அது உங்க மச்சான் கழுத்து இல்ல."

களத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாப்பிள்ளையின் அம்பு திட்டையும் தொடவில்லை, தரையையும் தொடவில்லை என்று தோன்றியது. சூளைப் பக்கம் எங்கோ போனது. அன்று முழுக்க அதைத் தேடினோம். சுண்டு நாங்கள் வந்த காரின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்து, இன்னும் வலப்பக்கம், இன்னும் தள்ளி என்று கத்திக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் வில்லைத் தொடவில்லை. தொட முடியவில்லை.

மருத்துவர் சொன்ன வரிசையில் நோய் வரவில்லை. கைக்கு அடுத்து பேச்சு போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துக் களத்துக்குக் கூட்டிவந்தார். அவர் எய்வார். அவள் பார்ப்பாள். கோணலாகப் போனால் கண்ணை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான் விமர்சனம். பெரும்பாலும் மூடிக்கொண்டேதான் இருந்தாள். கடையிலிருந்து பெண்கள் முறைவைத்து வந்து முடி வெட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்தி வெட்டியது கோணல். அதை அவளால் சொல்ல முடியவில்லை. நான் பார்த்துச் சொன்னேன், மறுபடி வெட்டினார்கள். மழை தொடங்கிய மாதத்தில், ஒரு மத்தியான நேரம், மாப்பிள்ளை கையில் கஞ்சிக் கிண்ணம் இருக்கும்போதே போய்விட்டாள்.

அதன்பிறகு மாப்பிள்ளையை நான் அதிகம் பார்க்கவில்லை. பட்டறைக்கும் அவர் வரவில்லை. நானும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. போனால் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

மழை விட்ட பிறகு வில்லோடு வந்தார். அதே முக்காலியில் உட்கார்ந்தார். வாராவாரம் களத்துக்குப் போகிறேன், அம்பு எப்போதும் இடப்பக்கமே போகிறது என்றார். எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். விட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். பிடித்துக் காட்டச் சொன்னேன். எழுந்து நின்று பிடித்தார். பார்த்ததும் புரிந்தது. பிடி அவருக்கு மிகவும் மெல்லியது. அந்தப் பெரிய கை முழுவதும் மூடி, விரல் நுனிகள் சுற்றிவந்து உள்ளங்கையில் குத்தி நின்றன. மெல்லிய பிடியை எவனும் இறுக்காமல் இருக்க முடியாது. இறுக்கினால் வில் திரும்பும், அம்பு இடப்பக்கம்தான் போகும்.

வில்லை வாங்கித் தோலைப் பார்த்தேன். வியர்வை பட்டுக் கறுத்திருந்தது. கறுப்பு முழுவதும் அவர் கை படுகிற இடத்தில். வேறு கை பட்ட தடம் ஏதாவது இருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. அவள் எய்தது ஒரே ஒரு நாள். அதற்குள் தோல் கறுக்காது.

தோலை உரித்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு குழி போட்டுக் குடுக்க முடியுமா மச்சான்? முன்னால அவளுக்குச் செஞ்சீங்களே, அந்த மாதிரி. என் கைக்கு."

"முடியாது மாப்பிள்ளை. இதுல இனிமே எடுக்க மரம் இல்ல."

பிடியை விரலால் அளந்து பார்த்தார். கறுப்பு மரம் சிறுத்து, நடுவில் ஒடுங்கி நின்றது. அப்படியானால் இப்படியே இருக்கட்டும், அவள் இப்படித்தானே கேட்டாள் என்று சொல்லிவிட்டு வில்லை எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினார். இருங்கள், தோல் சுற்றித் தடிமனாக்கலாம் என்றேன்.

அலமாரிக்கு அடியிலிருந்து தோல் வாரை எடுத்தேன். ஓரத்தைச் சீவி, பசை தடவி, பிடியின் கீழ்முனையில் தொடங்கி இறுக்கிச் சுற்றினேன். ஒரு அடுக்கு முடிந்ததும் அவரைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பிடித்தார். விரல் நுனி இன்னும் உள்ளங்கையைத் தொட்டது. தலையை ஆட்டினார். அடுத்த அடுக்கு சுற்றினேன். மறுபடி பிடித்தார். அவசரப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையைத் திறந்து, மூடி, திறந்து, ஏதோ ஒரு இடத்தைத் தேடினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பசை டப்பாவை மூடி வைத்தேன். முன்பக்கம் யாரோ சக்கரத்தைத் தரையில் போட்டார்கள். அறை அதிர்ந்தது.

"இன்னும் ஒரு சுத்து," என்றார்.

கையில் இருந்த வார் தீர்ந்துவிட்டது. வேறு துண்டு தேடி எடுத்தேன். நிறம் கொஞ்சம் வேறு. பரவாயில்லை என்றார். ஓரத்தைச் சீவி, ஒட்டுப் போட்டு, மறுபடி சுற்றத் தொடங்கினேன். அவர் கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொண்டார்.